பதினேழாவது கட்டம்

கடிதம் பார்லருக்குத்தான் வந்தது. பகலில் வீட்டில் ஆள் இருக்காது என்பதால் அண்ணி தன் விண்ணப்பத்தில் தபால் முகவரியாகப் பார்லரைக் கொடுத்திருந்தாள். பழுப்பு நிறத்தில் நீளமான உறை, மூலையில் கல்லூரியின் முத்திரை. திங்கட்கிழமை காலை தபால்காரர் அதைச் சீப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனதிலிருந்து கத்திரிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கத்திரி என்பது அண்ணன் வைத்த பெயர். சின்ன வயதில் யார் வாயைத் திறந்தாலும் பாதிப் பேச்சிலேயே வெட்டிவிடுவாளாம், அதனால். முடி வெட்டும் தொழில் அதற்கெல்லாம் பிறகு வந்தது. முப்பத்தாறு வயதாகி, இரண்டு நாற்காலி போட்ட பார்லருக்கு முதலாளியும் ஆன பிறகும் வீட்டிலும் தெருவிலும் அவள் கத்திரிதான்.

அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். அதனால் அவள் பிரிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்மூடிக் கிடந்த டீச்சரம்மாவின் முகத்துக்கு ஆவி பிடிக்கும் கருவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் வாய்க்கு நேரே உறையை ஐந்து நிமிஷம் காட்டினாள், அவ்வளவுதான். உறை தானாகத் திறந்துகொண்டால் அதற்கு அவள் என்ன செய்ய முடியும்?

“ஆவி நின்னுபோச்சா? சூடே தெரியலையே,” என்றார் டீச்சரம்மா.

“வருது டீச்சர். கண்ணத் தொறக்காதீங்க, எரியும்,” என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை உருவினாள் கத்திரி.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. நான்கு மாதமாக வீட்டில் இதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. அண்ணி பெரிய ஆஸ்பத்திரியின் உதவி மேசையில் வேலை பார்க்கிறாள். ஆபரேஷனுக்குப் பணமில்லாதவர்கள், செயற்கைக் கால் வேண்டியவர்கள், டிஸ்சார்ஜ் ஆகியும் போக இடமில்லாதவர்கள் என்று எல்லோரும் டோக்கன் எடுத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து உட்கார்வார்கள். அவள் கேள்வி கேட்டு, படிவம் நிரப்பி, என்னென்ன சான்று வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பாள். பதினோரு வருஷமாக இதுதான் வேலை. ஆனால் ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் சமூகப் பணியாளர் கையெழுத்து என்று ஓர் இடம் உண்டு. அங்கே கையெழுத்துப் போட எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி மேற்படிப்பு படித்திருக்க வேண்டும். அப்படிப் படித்தவர் நான்கு ஆஸ்பத்திரிக்குப் பொதுவாக ஒரே ஒருவர்தான் இருந்தார். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் இந்தப் பக்கம் வருவார். வெள்ளி மாலை வந்து சேர்ந்தவர்கள் செவ்வாய் வரை வராந்தாவில் கிடக்க வேண்டியதுதான்.

போன வருஷம் ஒரு கொத்தனார் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படி நான்கு நாள் கிடந்தார். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த நான்கு நாளும் அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் தன் பழைய பட்டச் சான்றிதழைத் தேடிப் பரணில் ஏறினாள்.

படிப்பு மூன்று வருஷம். மாலையிலும் சனிக்கிழமையிலும் வகுப்பு. ‘நான் ஏன் சமூகப் பணி பயில விரும்புகிறேன்’ என்ற கட்டுரையை ஐந்து தடவை எழுதினாள். ஐந்தையும் கத்திரிக்கு வாசித்துக் காட்டினாள். ஐந்திலும் கொத்தனார்தான் இருந்தாரே தவிர அண்ணி இல்லை. கட்டணத்தைப் பார்த்ததும் தலை சுற்றியது. லாரி ஓட்டும் அண்ணனின் வருமானமும் அவள் சம்பளமும் சேர்ந்தால் மாதம் எப்படியோ ஓடிவிடும். கல்லூரிக்குக் கட்ட அதில் இடமில்லை. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குப் பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் உதவித்தொகை ஒன்று இருந்தது. அது கிடைத்தால் படிக்கலாம், கிடைக்காவிட்டால் இல்லை.

கத்திரி கடிதத்தைப் படித்தாள். அண்ணிக்கு இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகைக்கும் தேர்வாகியிருக்கிறாள். டீச்சரம்மாவின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளலாம்போல் இருந்தது கத்திரிக்கு. வில்லங்கம் அடுத்த பத்தியில்தான் இருந்தது.

இரண்டாம் வருஷம் வாரத்தில் இரண்டு நாள் காலை முதல் இரவு வரை களப்பணி. படிப்பைப் பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் விடுகிறார்களாம். அதனால் அந்த நாட்களில் வீட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும், அதே வீட்டில் வசிக்கும் ஒருவர் படிவத்தின் பதினேழாவது கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ‘விண்ணப்பதாரர் அக்கட்டத்தில் தம் பெயரையே குறிப்பிட்டுள்ளார். விண்ணப்பதாரரும் பொறுப்பாளரும் ஒருவராக இருத்தல் இயலாது. வியாழன் மாலை ஐந்து மணிக்குள் திருத்தி ஒப்படைக்காவிடில் உதவித்தொகை அடுத்தவருக்கு வழங்கப்படும்.’ கூடவே பழைய பக்கத்தின் நகலும், நிரப்பப்படாத புதுப் பக்கமும். நகலில் அண்ணியின் முத்து முத்தான எழுத்து. பொறுப்பாளர் பெயர்: அவள் பெயர்தான். தொலைபேசி: உதவி மேசையின் எண்.

கத்திரிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இப்படி ஒரு தப்பைச் செய்ய அண்ணியால்தான் முடியும். ஆஸ்பத்திரிப் படிவத்திலும் பொறுப்பாளர் என்று ஒரு கட்டம் உண்டு. அது காலியாக இருந்தால் மனு திரும்பிவிடும். அதனால் யாருமில்லாதவர்கள் வந்தால் அண்ணி சத்தமில்லாமல் தன் பெயரையும் மேசை எண்ணையும் எழுதிவிடுவாள். இத்தனை வருஷத்தில் எத்தனை பேருக்கு எழுதினாளோ, அவளுக்கே கணக்குத் தெரியாது. அந்தக் கட்டத்தைக் கண்டதும் கை பழக்கத்தில் ஓடியிருக்கிறது.

சிரித்து முடித்த பிறகுதான் சுருக்கென்றது. யாருமில்லாதவர்களுக்குத்தானே அண்ணி அப்படி எழுதுவாள்? ஆறு வருஷமாக ஒரே வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே, கை ஒரு நிமிஷம் நின்று அவளை நினைத்துப் பார்க்கவில்லையா?

“அப்போ நான் யாரு?” என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள் கத்திரி.

“என்ன கேட்டே?” என்றார் டீச்சரம்மா.

“மொகத்தத் தொடைக்கட்டுமான்னு கேட்டேன் டீச்சர்.”

கடிதத்தை மறுபடி மடித்து உள்ளே வைத்து, பொய் இமை ஒட்டும் பசையை எடுத்து உறையை ஒட்டினாள்.

அன்று ஏழு மணிக்கு அண்ணி வந்தாள். உறையை வாங்கியதும் முகர்ந்து பார்த்தாள்.

“என்ன இதுல ரோஜா வாசனை வருது?”

“பார்லர்ல கெடந்துச்சுல்ல. என் மேலகூடத்தான் வருது, மோந்து பாருங்க.”

அண்ணி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடிதத்தைப் பிரித்தாள். கத்திரி அடுப்படி வாசலில் சாய்ந்துகொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு நெற்றி சுருங்கியது. இதோ நிமிர்ந்து பார்ப்பாள், ‘நீ இருக்கியாம்மா?’ என்று கேட்பாள் என்று கத்திரி காத்திருந்தாள். பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் பிகு பண்ணிவிட்டு, போனால் போகிறது என்று சரி சொல்வதாக ஏற்பாடு.

“என்ன எழுதியிருக்காங்க அண்ணி?”

“சீட்டு கெடச்சிருச்சு. ஒரு சின்னத் திருத்தம் இருக்கு. பாத்துக்கலாம்.”

கடிதம் கைப்பைக்குள் போனது. அண்ணி எழுந்து வந்து, கத்திரி நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்த கேனிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டுப் போனாள். கத்திரி கையை நீட்டினால் எட்டும் தூரம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அண்ணி அப்படித்தான், அவளிடம் எதையும் கேட்டதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால், புகுந்த வீட்டை விட்டு ஒற்றைப் பையோடு வந்து வாசலில் நின்று, “ரெண்டு வாரம் இருந்துட்டுப் போயிடறேன் அண்ணி,” என்றாள் கத்திரி. எங்கே போவதென்று அவளுக்கே தெரியாது. இரண்டு வாரம் ஆறு வருஷமாகியும் அந்தப் பை பீரோ மேலேயே இருந்தது, பாதிச் சாமானோடு. துடைப்பத்தை எடுத்தால் அண்ணி வாங்கிவிடுவாள். பாத்திரத்தில் கை வைத்தால், “நீ போம்மா, கடைக்கு நேரமாச்சு,” என்பாள். வாடகைக்கென்று பணம் நீட்டினால் அது மறுநாள் தலையணைக்கு அடியில் திரும்பி வந்திருக்கும். விருந்தாளியாக இருப்பது ஒரு வாரத்துக்குச் சுகம். ஆறு வருஷம் இருந்து பார்த்தால் தெரியும் அந்தக் கஷ்டம்.

செவ்வாய்க்கிழமை காலை கத்திரி தூண்டில் போட்டுப் பார்த்தாள்.

“வாரத்துல ரெண்டு நாள் கடைக்கு லீவு விடலாம்னு பாக்கறேன் அண்ணி. வீட்டுல சும்மா இருக்கலாம்னு.”

“லீவெல்லாம் விடாத. இப்பத்தான் நாலு பேர் தேடி வர ஆரம்பிச்சிருக்காங்க,” என்று சொல்லிவிட்டு அண்ணி பஸ்ஸுக்கு ஓடினாள்.

மாலையில் அண்ணி கல்லூரி அலுவலகத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். மாடி வீட்டம்மாள் கையெழுத்துப் போட்டால் ஏற்பார்களா என்று விசாரித்தாள். அதே வீட்டில் வசிக்கிறவராக இருந்தால்தான் செல்லும் என்றார்கள். மாதத்தில் பத்து நாள் மட்டும் வீட்டிலிருக்கும் லாரி டிரைவர்? அதுவும் செல்லாது. நன்றி சொல்லி வைத்துவிட்டாள். கத்திரி பக்கத்து அறையில் துணி மடிப்பதுபோல் ஒரே துணியை நான்கு தடவை மடித்தாள்.

தானே போய் ‘நான் போடறேன் அண்ணி’ என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டால், கேட்பது சுலபம். கேட்டுக் கொடுத்தால் அது உதவி. கேட்காத இடத்தில் போய் நின்றால், ஒண்ட வந்தவள் உரிமை கொண்டாடுகிறாள் என்று ஆகிவிடாதா? அண்ணி அப்படி நினைக்க மாட்டாள்தான். ஆனால் கத்திரி அப்படி நினைத்தாள், அதற்கு மருந்து இல்லை.

புதன்கிழமை அண்ணி சான்றிதழ்க் கோப்பைத் தூசி தட்டி மறுபடி பரணில் ஏற்றினாள். அண்ணன் எங்கோ நெடுஞ்சாலை ஓரத்திலிருந்து கூப்பிட்டபோது, “விடுங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம். சீட்டு எங்க ஓடிப்போயிடும்?” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். போனை வைத்துவிட்டு அப்படியே பரண் ஏணியில் உட்கார்ந்திருந்தாள்.

விஷயத்தை உடைத்தது பாப்பாதான். பாப்பா என்றால் ஒன்பது வயது, அண்ணன் மகள். அன்று மாலை கத்திரி அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பாதிப் பின்னலில் பாப்பா எழுந்து ஓடி, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரி மேல்தட்டிலிருந்து ரிப்பனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“ஏண்டி, என்கிட்ட சொன்னா எடுத்துத் தர மாட்டேனா? விழுந்து பல்ல உடைச்சுக்கணுமா?”

“அத்தைகிட்ட வேலை சொல்லக் கூடாது,” என்றாள் பாப்பா, பாடம் ஒப்பிப்பதுபோல.

“யாரு சொன்னா?”

“அம்மா. அது நம்ம வீட்டுச் சட்டம். ஒரு தடவ உங்கள செருப்பு எடுத்துத் தரச் சொன்னேன்னு கையிலயே போட்டாங்க.”

“அப்படி ஒரு சட்டம் எதுக்காம்?”

“நீங்க முன்னாடி இருந்த வீட்டுல ஒரு நாளைக்கு நூறு வேலை சொல்லுவாங்களாமே. ராத்திரி தூங்கினதுக்கு அப்புறமும் எழுப்பிச் சொல்லுவாங்களாமே. அதனால உங்க கோட்டா முடிஞ்சுபோச்சு. இனிமே உங்களுக்கு வேலை சொன்னா பாவம்.”

கத்திரியின் கை பின்னலில் நின்றுபோனது. அவளுக்கு அந்த முதல் விடியற்காலை ஞாபகம் வந்தது. இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் நாலரை மணிக்கு, பழக்க தோஷத்தில் எழுந்து, யாரும் சொல்லாமலே எல்லாப் பாத்திரத்தையும் இழுத்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி தூக்கக் கலக்கத்தோடு வந்து பார்த்தாள். கீழே உட்கார்ந்து, சோப்பு நுரையோடு இருந்த அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “இந்த வீட்டுல உன்கிட்ட ஒரு டம்ளர் தண்ணிகூட யாரும் கேக்க மாட்டாங்க. இது என் வாக்கு,” என்றாள். அழுகிறவளுக்கு ஆறுதலாக எதையாவது சொல்வார்கள் இல்லையா, அப்படிச் சொன்னாள் என்றுதான் கத்திரி நினைத்திருந்தாள். ஒருத்தி அதை எழுத்துக்கு எழுத்து ஆறு வருஷம் காப்பாற்றுவாள் என்று யார் கண்டது?

கத்திரிக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் பழகினது என்பதால் அதையே வைத்துக்கொண்டாள்.

நேரே போய்ச் சொன்னால் அண்ணி மசிய மாட்டாள். ‘அதெல்லாம் வேணாம், நீ கடையப் பாரு’ என்ற ஒரே பாட்டுத்தான். வீட்டில் அவளை அசைக்க முடியாது. ஆஸ்பத்திரியில் முடியும். உதவி மேசைக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறது: ‘டோக்கன் பெற்ற எவரையும் மனுப் பதியாமல் திருப்பி அனுப்பலாகாது.’ மேலதிகாரிகளோடு ஒரு வருஷம் மல்லுக்கு நின்று அதை மாட்ட வைத்ததே அண்ணிதான்.

வியாழக்கிழமை காலை பார்லரைத் திறக்காமலே கத்திரி ஆஸ்பத்திரிக்குப் போய் டோக்கன் எடுத்தாள். நாற்பத்து மூன்று. நீள பெஞ்சில் காலில் கட்டுப் போட்ட ஒரு பெரியவருக்கும், மருந்துப் பையை மடியில் வைத்திருந்த ஒரு பெண்ணுக்கும் நடுவே இடம் கிடைத்தது. அங்கிருந்து அண்ணி தெரிந்தாள். வீட்டில் பார்க்கிற அண்ணி இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் ஒரே நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு கிழவருக்குக் காது கேட்கவில்லை. அவருக்காக எழுந்து மேசையைச் சுற்றி வந்து, காதருகே குனிந்து பேசினாள். இவளையா பரணில் ஏற்றி வைக்கப் பார்க்கிறாள், அதுவும் இவளே, என்று கத்திரிக்கு மறுபடி கோபம் வந்தது.

பதினொன்றரைக்குத்தான் அவள் முறை வந்தது.

“உக்காருங்க. உங்க பேர்?” என்றாள் அண்ணி, நிமிராமல்.

கத்திரி தன் உண்மையான பெயரைச் சொன்னாள். பேனா இரண்டு எழுத்து எழுதிவிட்டு நின்றது. அண்ணி நிமிர்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“பாப்பாவுக்கு என்னாச்சு?”

“அவ ஸ்கூல்ல இருக்கா. நான் மனு குடுக்க வந்தேன்.”

“வெளையாடாத கத்திரி. பின்னாடி எத்தனை பேர் காத்திருக்காங்க பாரு. சாயங்காலம் வீட்டுல பேசலாம்.”

“சாயங்காலம் அஞ்சு மணி தாண்டிரும்.”

அண்ணிக்கு ஒரு நொடி ஆயிற்று. “அப்போ அந்த ரோஜா வாசனை...”

“ஆமா, பிரிச்சேன். அதுக்குத் தனியா வீட்டுல திட்டிக்குங்க. இப்ப மனுவ எழுதுங்க.”

“அது முடிஞ்சுபோச்சும்மா. நான் அடுத்த வருஷம்...”

“போர்டுல என்ன எழுதியிருக்கு?” என்று வெட்டினாள் கத்திரி.

கட்டுப் போட்ட பெரியவர் பெஞ்சிலிருந்தே குரல் கொடுத்தார். “அதானே! டோக்கன் வச்சிருக்காங்கல்ல, எழுதிக்குங்கம்மா. எங்களுக்கும் நேரமாவுது.”

அண்ணிக்கு வேறு வழியில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஆஸ்பத்திரிக் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

“என்ன உதவி வேணும்?”

“எங்க அண்ணிக்குப் படிக்க சீட்டு கெடச்சிருக்கு. வீட்டுப் பொறுப்பப் பாத்துக்க ஒரு ஆள் கையெழுத்துப் போடணும். அந்த ஆளா என்னப் போட்டுக்கச் சொல்லி மனு. அவங்க என்கிட்ட கேக்க மாட்டேங்கறாங்க. ஆறு வருஷமா எதையுமே கேக்க மாட்டேங்கறாங்க.”

கோபமாகத்தான் ஆரம்பித்தாள். கடைசி வார்த்தைக்கு வரும்போது கையிலிருந்த டோக்கனைக் கசக்கிவிட்டிருந்தாள்.

“நாத்தனாரா?” என்றார் பெரியவர், பக்கத்துப் பெண்ணிடம். “நாத்தனாரே டோக்கன் எடுத்துட்டு வந்து கேக்குதா? எங்க வீட்டுல ரெண்டும் மொகத்தப் பாத்துப் பேசி எட்டு மாசமாச்சு.”

அண்ணி மேசையின் குறுக்கே குனிந்தாள். குரல் தாழ்ந்துவிட்டது. “நீ அந்த வீட்டுல பட்டது போதாதா? இங்கயும் வந்து என் வீட்டு வேலைய இழுத்துப் போட்டுக்கணுமா? நான் உனக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“அங்க யாரும் என்னக் கேக்கல அண்ணி. ஏவுனாங்க. நீங்க கேட்டா, முடியாதுன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு டிவி பாப்பேன். அங்க அப்படிச் சொல்ல முடியுமா? வீட்டு ஆளுன்னா கேப்பாங்க, திட்டுவாங்க, கடைக்கு அனுப்புவாங்க. நீங்க என்னை விருந்தாளியாவே வச்சிருக்கீங்க. அந்தக் கட்டத்துல உங்க பேரை எழுதியிருக்கீங்களே, யாருமில்லாதவங்களுக்கு எழுதற மாதிரி... நான் என்ன செத்தா போயிட்டேன்?”

அண்ணி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு கைப்பையைத் திறந்து, நான்காக மடித்து வைத்திருந்த அந்தப் புதுப் பக்கத்தை எடுத்து மேசை மேல் விரித்து, உள்ளங்கையால் நீவினாள். தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறாள்.

“விண்ணப்பதாரருக்கு என்ன உறவு?” என்றாள்.

“நாத்தனார்.”

“ரெண்டாவது வருஷம் வாரம் ரெண்டு நாள், காலைல ஏழுலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும். கொழந்தைய யார் பாத்துக்குவாங்க?”

“ஸ்கூல் விட்டு நேரா பார்லருக்கு வந்துரட்டும். ரெண்டாவது நாற்காலில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதட்டும். அதுல எப்படியும் ஆள் உக்கார்றதில்ல.”

“சமையல்?”

“எனக்குத் தெரிஞ்சது மூணு. அதையே திருப்பித் திருப்பிச் செய்வேன். புகார் இருந்தா டோக்கன் எடுக்கச் சொல்லுங்க.”

மருந்துப் பைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணியின் உதடும் லேசாகக் கோணியது.

“அந்த ரெண்டு நாளும் விண்ணப்பதாரருக்குச் சம்பளம் பிடிப்பாங்க. அத எப்படிச் சமாளிப்பீங்க?”

“கரண்ட் பில், கேஸ், பாப்பா வேன் மூணும் என்னுது.”

“அதெல்லாம் நாங்க...”

“அம்மா, கேள்வி உங்களுது, பதில் என்னுது. தலையணைக்கு அடியில திருப்பி வைக்கக் கூடாதுன்னும் சேத்து எழுதுங்க.”

அண்ணி எழுதினாள். அடுத்த வரியில் பேனா நின்றது. கத்திரி எட்டிப் பார்த்தாள். ‘பொறுப்பாளர் மேற்படி முகவரியில் வசிப்பது: தற்காலிகம் / நிரந்தரம்.’

முதல் தடவையாகக் கத்திரிக்கு வாய் வரவில்லை. பார்லர் உரிமத்திலும் வங்கியிலும் இந்தக் கேள்வி வந்தபோதெல்லாம் அவள் தற்காலிகம் என்றுதான் போட்டிருக்கிறாள். பீரோ மேல் இருக்கும் பை கண்முன்னால் வந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணி அவளைப் பார்க்கவே இல்லை. நிரந்தரம் என்பதற்கு எதிரே ஒரு டிக் போட்டாள். மை சரியாக விழவில்லை என்று அதன் மேலேயே இன்னொரு தடவை அழுத்திப் போட்டாள்.

“நான் இன்னும் ஒன்னும் சொல்லலையே,” என்றாள் கத்திரி.

“சிலதுக்கு நானே எழுதிடுவேன். பதினோரு வருஷப் பழக்கம்.”

படிவத்தைத் திருப்பி வைத்துக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாள். கத்திரி தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றதால் வரி கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. அண்ணி பக்கத்தை எடுத்து ஊதிக் காயவைத்து, புது உறையில் போட்டு அவளிடம் நீட்டினாள்.

“காலேஜ் ஆபீஸ் மாடியில. மூணாவது ஜன்னல். கொண்டு போய்க் குடுத்துடறியா?”

“ம்.”

“ரசீது வாங்கிக்க. வாங்காம வந்துராத.”

“சரி.”

கத்திரி எழுந்தாள். இரண்டு எட்டு வைத்திருப்பாள்.

“கத்திரி.”

திரும்பினாள். அண்ணி தன் காலி பாட்டிலை மேசைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

“தொண்ட காஞ்சுபோச்சு. அந்த மூலைக் குழாய்ல கொஞ்சம் தண்ணி பிடிச்சுக் குடுத்துட்டுப் போயேன்.”

கேட்டால் பிகு பண்ண வேண்டும் என்று திங்கட்கிழமை போட்டு வைத்திருந்த ஏற்பாடெல்லாம் கத்திரிக்கு மறந்துபோனது. பாட்டிலை வாங்கிக்கொண்டு, பெஞ்சில் நீட்டியிருந்த பெரியவரின் கட்டுக் காலை ஒரே தாண்டாகத் தாண்டி, மூலைக்கு ஓடினாள். குழாயைத் திறந்து பாட்டிலைக் காட்டினாள். தண்ணீர் நிரம்பி, வழிந்து, கையெல்லாம் நனைந்து, பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண், “நெறஞ்சிருச்சும்மா,” என்று தோளைத் தொட்டுச் சொன்ன பிறகுதான் குழாயை மூடினாள்.